பனித்தளத்தில் இருவர்

மார்த்தாண்டம் குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள பெரிய வாணிக ஊர். ரப்பர்த் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் அதனைச் சூழ்ந்துள்ளன. தேனுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. ஆண்டுக்கு இரண்டு பருவமழைகளைக் காணும் அவ்வூர் மக்கள் தம் ஊரில் பனி பெய்யக் கண்டதில்லை. அங்கே பனிக்கட்டியைப் பார்க்க விரும்புவோர் மீன்சந்தைக்குத்தான் செல்லவேண்டும். தேங்காய்ப்பட்டினத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் வரும் பெட்டிகளில், சாளைக்கும் அயலைக்கும் இடையே, நொறுங்கிய பனிக்கட்டி பளபளக்கும். வெயில் ஏறுவதற்குள் அது உருகித் தரையில் நீராய் ஓடும். அவ்வீரத்தில் ஒருமுறையேனும் கால் வழுக்காதவர் அச்சந்தையில் அரியர்.

நின்றவரை விழச் செய்வதே பனிக்கட்டியின் இயல்பு. அதன்மீது, மெல்லிய எஃகுத் தகட்டின் விளிம்பில் நின்றுகொண்டு, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இசைக்கு இசைய நடனம் ஆடுவர் என்றால் வியப்பாக இருக்கும். ஆயினும் அத்தகைய நடனம் குளிர்நாடுகளில் நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. 1952 முதல் அதற்கு உலகப் போட்டி உண்டு. 1976 முதல் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளிலும் அது இடம்பெற்றுள்ளது. அக்கலையில் ஈடும் எடுப்புமின்றி விளங்கிய இருவரின் வரலாறு இது. அவர்கள் இங்கிலாந்து நாட்டு ஜெயின் டோர்வில் என்னும் பெண்மணியும் கிறிஸ்டோபர் டீன் என்பவரும் ஆவர்.

முதலில் ஆடுகளத்தை அறிந்துகொள்வோம். நம் கடற்கரை ஊர்களில் மீனுக்காகப் பனிக்கட்டி செய்யும் தொழிற்சாலைகளைப் பலர் பார்த்திருப்பர். பெரிய தொட்டியில் உப்புநீரை நிரப்பிக் குளிரூட்டுவர். உப்புநீர் எளிதில் உறையாது. நன்னீர் உறையும் குளிரினும் மிகுந்த குளிரை அது தாங்கி நிற்கும். அதனுள் நன்னீர் நிரம்பிய தகரப் பெட்டிகளை இறக்கினால், உள்ளிருக்கும் நீர் பாளமாக உறைந்துவிடும். பனித்தளம் அமைப்பதும் ஏறத்தாழ இதே முறைதான். அகன்ற தரையின் கீழே குழாய்களை நெருக்கமாகப் பரப்பி, அவற்றில் குளிர்ந்த உப்புநீரை ஓடவிடுவர். மேலே சிறிது சிறிதாக நீரைத் தெளிக்க, அது அடுக்கடுக்காய் உறைந்து கண்ணாடிபோல் ஆகும். போட்டிக்குரிய தளம் 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. அவ்வளவு பெரிய களத்தில் பனியின் கனம் இரண்டு விரற்கடையைத் தாண்டுவதில்லை.

ஆடுவோர் அணியும் காலணியின் அடியில் எஃகுத் தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அத்தகட்டின் அடிப்பகுதி தட்டையானது அன்று. அதன் நடுவே நீளவாட்டில் சிறு பள்ளம் ஓடுவதால், உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு விளிம்புகள் அமைகின்றன. தேர்ந்தவர் எப்போதும் இவ்விரண்டில் ஒன்றன்மீதே சாய்ந்து செல்வர். உடலை எப்பக்கம் சாய்க்கிறாரோ அப்பக்கம் வளைந்து செல்லும் அவரது பாதை. நேர்கோடு பனி நடனத்தில் அரிது, எல்லாம் வளைவே. விரைந்து செல்லும் சைக்கிள்காரர் திருப்பத்தில் உடலைச் சாய்ப்பதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

பனித்தளத்தில் இருவர் சேர்ந்து ஆடும் போட்டிகள் இரண்டு வகை. ஒன்றில் ஆடவன் தன் துணையைத் தலைக்கு மேல் தூக்குவான், காற்றில் வீசுவான், இருவரும் துள்ளிக் குதித்துச் சுழல்வர். மற்றொன்றே பனி நடனம். இதில் வீசுதலும் தலைக்கு மேல் தூக்குதலும் கூடா. காலடி நுட்பமும், இருவர் உடலும் ஓருடல்போல் இயங்கும் ஒற்றுமையும், இசையோடு பொருந்தும் பாங்குமே இங்கு மதிப்பிடப்படும். குமரி மாவட்டத்தின் களியல் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இதன் அருமையை உணர்வர். குத்துவிளக்கைச் சுற்றி நின்று கோல்களைத் தட்டி ஆடும் அவ்வாட்டத்தில், ஒருவர் ஒரு நொடி பிந்தினால் கோல் அடுத்தவர் விரலில் விழும். பனி நடனத்தில் கோல்களுக்கு மாறாக நான்கு எஃகுத் தகடுகள் இருக்கின்றன. ஓடும் விரைவோ மிகுதி. பிந்தியவர் தாம் விழுவதோடு துணையையும் வீழ்த்துவார்.

இந்திய நாட்டில் சிம்லாவில் இயற்கைக் குளிரால் உறையும் தளம் 1920 முதல் இருந்து வருகிறது. டேராடூனில் 2011இல் செயற்கைத் தளம் ஒன்று அமைக்கப்பட்டது. தென்னாட்டவர் சறுக்குக் கலையைப் பெரும்பாலும் சக்கரக் காலணியிலேயே பயில்கின்றனர். அதிலும் பெருமை பெற்றவர் உளர். ஐதராபாத்தைச் சேர்ந்த அனூப் குமார் யாமா 2010இல் குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில், சக்கரக் காலணியில் தனியே ஆடியும் அவனி பஞ்சாலுடன் இணைந்து ஆடியும் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் பெற்றார். சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் சீனாவில் நடந்த சக்கரச் சறுக்கு விரைவோட்ட உலகப் போட்டியில் 1000 மீட்டர் பந்தயத்தில் முதலிடம் பெற்றார். பனியின்மீது ஆடும் நடனமோ குளிர்நாட்டுப் பயிர். அது செழித்த ஊர்களுள் ஒன்றே இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள நாட்டிங்காம்.

நாட்டிங்காம் நம் நாட்டார் அறியாத ஊர் அன்று. ஒருகாலத்தில் தமிழ்நாட்டுச் சாலைகளிலும் திருவிதாங்கூர்ச் சாலைகளிலும் ஓடிய புகழ்பெற்ற ராலே சைக்கிள்கள் அந்நகரத்தில் செய்யப்பட்டவையே. சைக்கிளும், பின்னல் துணியும், சுற்றுப்புறத்து நிலக்கரிச் சுரங்கங்களும் அந்நகருக்கு வாழ்வளித்தன. உழைப்பாளர் நிறைந்த அத்தகைய நகரில் 1957ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் ஜெயின் டோர்வில் பிறந்தார். எட்டு வயதளவில் பள்ளிப் பிள்ளைகளோடு பனித்தளத்துக்குச் சென்றதே அவருக்கு முதல் அறிமுகம். அன்று கால் ஊன்றிய சிறுமி அதன்பின் அத்தளத்தை விடவில்லை. தூக்கி ஆடும் இணைப் போட்டியில் வேறொரு துணையோடு ஆடி, 1971இல் பிரிட்டன் நாட்டு வெற்றியாளர் ஆனார். அப்போது அவருக்கு வயது பதினான்கைத் தாண்டவில்லை. பின்னர் அத்துணை பிரிந்துசெல்லவே, சில காலம் தனியே ஆடிவந்தார்.

கிறிஸ்டோபர் டீன் 1958ஆம் ஆண்டு சூலை 27ஆம் நாள், நாட்டிங்காமுக்கு அருகில் உள்ள கால்வர்ட்டன் என்னும் சுரங்கச் சிற்றூரில் பிறந்தார். அவர் இளஞ்சிறுவராய் இருக்கும்போதே பெற்றோர் பிரிந்தனர். பத்து வயதில், கிறிஸ்துமஸ் பரிசாக வீட்டார் அவருக்குச் சறுக்குக் காலணிகளை வாங்கிக் கொடுத்தனர். ஒரு சோடிக் காலணி ஒரு வாழ்க்கையைத் திருப்பிவிட்டது என்றால் அது மிகையாகாது. அவர் நடனப் பிரிவில் பயின்று, 1974இல் வேறொரு துணையோடு பிரிட்டன் நாட்டு இளையோர் வெற்றியைப் பெற்றார். அந்த இணையும் நிலைக்கவில்லை.

துணையிழந்த இவ்விருவரையும் 1975இல் ஒன்றுசேர்த்தவர் சேனட் சாபிரிட்ஜ் என்னும் பயிற்சியாளர் அம்மையார். டோர்வில் குள்ளமானவர், டீன் உயர்ந்தவர். டோர்வில் அமைதியானவர், டீன் ஒன்றைச் செம்மையாய்ச் செய்து முடிக்கும்வரை அமைதி கொள்ளாதவர். இயல்பில் வேறுபட்ட இருவர் ஒன்றாய் இயங்கக் கற்றுக்கொண்டது ஒரு நாளில் நிகழ்ந்தது அன்று. ஆண்டுகள் பல பிடித்தன.

அவர்கள் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். டோர்வில் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிந்தார். டீன் நாட்டிங்காம் காவல்துறையில் சேர்ந்து காவலர் ஆனார். குழித்துறைக் காவல் நிலையத்துக் காவலர் ஒருவரும் மார்த்தாண்டத்துக் காப்புறுதி அலுவலக எழுத்தர் ஒருவரும் வேலை நேரம் போக மீந்த பொழுதில் பயின்று உலகை வென்றார்கள் என்று எண்ணிப் பார்த்தால், அவர்கள் நிலை நன்கு புலப்படும். காவலருக்குப் பணிநேரம் மாறிக்கொண்டே இருக்கும்: ஒருவாரம் பகல், ஒருவாரம் இரவு. பொதுமக்கள் பனித்தளத்தில் இல்லாத நேரமும், காவலர் பணியில் இல்லாத நேரமும், எழுத்தர் அலுவலகத்தில் இல்லாத நேரமும் ஒன்றாய்க் கூடும் பொழுதே அவர்களுக்குப் பயிற்சிப் பொழுது. ஆகவே விடியற்காலையிலோ, ஊர் உறங்கிய பின்போதான் அவர்கள் ஆட முடிந்தது.

1978இல் அவர்கள் பிரிட்டன் நாட்டு வெற்றியாளர் ஆயினர். அவ்வாண்டு முதன்முதலாக உலகப் போட்டிக்குச் சென்றபோது கிடைத்தது பதினோராம் இடம். அவ்வாண்டிலேயே பெட்டி கால்லவே என்னும் அம்மையார் அவர்களுக்குப் பயிற்சியாளராக வந்தார். வெளிநாட்டு இணைகளையும் பயிற்றுவித்த பட்டறிவு உடையவர் அவர். அடுத்த ஆண்டு எட்டாம் இடம். அதற்கடுத்த ஆண்டு நான்காம் இடம். 1980இல் அமெரிக்காவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் போட்டியில் ஐந்தாம் இடம் பெற்றனர். அக்காலத்தில் பனி நடனம் சோவியத் நாட்டார் கைப்பொருளாய் இருந்தது. பிரிட்டன் நாட்டார் 1969க்குப் பின் உலக வெற்றியைக் கண்டதில்லை.

ஐந்தாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு ஏறும் படிகளே செங்குத்தானவை. இரவில் காவல் புரிந்துவிட்டு விடியலில் ஆடும் ஒருவர், நாள் முழுதும் ஆடிப் பழகும் சோவியத் ஆட்டக்காரரை எவ்வாறு வெல்வது? பணியை விட்டால் உணவுக்கு வழி யாது? அக்கால விதிப்படி போட்டியாளர் ஆட்டத்தால் பொருள் ஈட்டக்கூடாது. ஈட்டினால் போட்டியில் இடமில்லை. 1980இல் இருவரும் துணிந்து வேலையை விட்டனர். கையில் இருந்த சேமிப்பு எத்துணை நாளைக்கு வரும்? அந்நிலையில் நாட்டிங்காம் நகராண்மைக் கழகம் முன்வந்து, 1984 ஒலிம்பிக் போட்டிவரை ஆண்டுக்கு 14,000 பவுனாக 42,000 பவுன் உதவித்தொகை அளித்தது. சாலையும் சாக்கடையும் பேணுதற்குரிய நகர மன்றம் நடனத்துக்குப் பணம் அளிப்பதா என்று கேட்போர் எவ்வூரிலும் இருப்பர். ஆயினும் பின்னாளில் அந்நகரின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது அத்தொகையே.

பலன் விரைவிலேயே தெரிந்தது. 1981இல் ஐரோப்பியப் போட்டியிலும் உலகப் போட்டியிலும் அவர்கள் முதலிடம் பெற்றனர். 1982இலும் இரண்டையும் வென்றனர். அதுவரை பனி நடனத்தில் தனிநடனம் என்னும் பகுதிக்கு, வெவ்வேறு இசைத் துண்டுகளை ஒட்டிச் சேர்த்து ஆடுவதே பெரும்பாலும் வழக்கம்: விரைவாக ஒரு துண்டு, மெதுவாக ஒரு துண்டு, மீண்டும் விரைவாக ஒன்று. இவர்கள் அதனை விடுத்து, ஒரு கதையை அல்லது ஓர் உணர்ச்சியைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே இழையாகக் கொண்டுசெல்ல முனைந்தனர். 1983இல் சர்க்கஸ் காட்சியையே நடனமாக அமைத்தனர். இல்லாத கயிற்றின்மீது நடந்தனர். இல்லாத பந்துகளை எறிந்து பிடித்தனர். நாடக நடிகர் மைக்கேல் கிராபோர்டு அவர்களுக்கு நடிப்பு நுட்பங்களைக் கற்பித்தார். அவ்வாண்டு பயிற்சியின்போது டோர்வில் விழுந்து தோளில் காயமுற்றதால் ஐரோப்பியப் போட்டிக்குச் செல்ல இயலவில்லை. ஆயினும் சில வாரங்களில் தேறி, உலகப் போட்டியில் மூன்றாம் முறையாக வென்றனர்.

அடுத்து வந்தது 1984ஆம் ஆண்டு. யூகோஸ்லாவியாவில் இருந்த சாரயேவோ நகரில் குளிர்கால ஒலிம்பிக் போட்டி. அதற்கென அவர்கள் தேர்ந்த இசை, பிரெஞ்சு இசைவாணர் மாரிஸ் ராவெல் 1928இல் இயற்றிய ‘பொலேரோ’. அதன் அமைப்பு புதுமையானது. தொடக்கத்தில் சிறு முரசு ஒன்று மெல்லத் தட்டத் தொடங்கும். அதே தாளம் இறுதிவரை மாறாது. அதன்மேல் ஒரு குழல் தனியே பாடும். பின் வேறொரு கருவி அதே பண்ணைப் பாடும். இவ்வாறு ஒவ்வொன்றாய்க் கருவிகள் வந்து சேர, ஓசை பெருகிப் பெருகி இறுதியில் இடிபோல் முழங்கி முடியும். நம் கோயில்களில் செண்டை மேளம் மெல்லத் தொடங்கி வளர்வதைக் கேட்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் செண்டையில் ஓசையோடு விரைவும் கூடும். பொலேரோவில் விரைவு கூடாது, ஓசை மட்டுமே கூடும். விரைவை மாற்றாமல் உணர்ச்சியை ஏற்றிச் செல்வது ஆடுவோர்க்கு எளிதன்று.

இடர் ஒன்று நேர்ந்தது. பொலேரோவை முழுதும் வாசிக்கச் சற்றேறக்குறையப் பதினேழு நிமிடம் ஆகும். தனிநடனத்துக்கு விதி வகுத்த நேரமோ நான்கு நிமிடம். பத்து நொடி கூடலாம், பத்து நொடி குறையலாம். இசையைச் சுருக்கும் பணியை வல்லுநர் ஒருவரிடம் ஒப்படைத்தனர். மெல்லத் தொடங்கி வளர்ந்து முடியும் அதன் இயல்பு கெடாமல் எவ்வளவு சுருக்கியும், 4 நிமிடம் 28 நொடிக்குக் கீழே கொண்டுவர முடியவில்லை. பதினெட்டு நொடிகள் மிகுதியாய் நின்றன. வேறு இசையைத் தேடலாம். இல்லையேல் இவ்விசையையே சிதைக்கலாம். இவ்விரண்டையும் அவர்கள் விரும்பவில்லை.

விதிநூலை மீண்டும் படித்தனர். நேரம் எப்போது தொடங்குகிறது? இசை தொடங்கும்போது அன்று. ஆடுவோர் சறுக்குக் காலணியால் பனியில் ஆடத் தொடங்கும்போதுதான் நடுவரின் கடிகாரம் ஓடத் தொடங்கும். அவ்வாறாயின் முதற் பதினெட்டு நொடியும் எஃகுத் தகடு பனியைத் தொடாமல் இருந்தால்? இருவரும் பனிமீது முழந்தாளிட்டு எதிரெதிரே அமர்வது என முடிவு செய்தனர். கைகளும் தோள்களும் தலையும் மட்டும் இசைக்கு அசையும்; தகடுகள் வாளாவிருக்கும். பதினெட்டு நொடி கழிந்தபின் எழுந்து ஆடத் தொடங்குவர். விதி ஓர் எழுத்தும் மீறப்படவில்லை. இசையும் ஒரு நொடியும் இழக்கவில்லை. அதனினும் சிறப்பு ஒன்று உண்டு: இன்று அந்நடனத்தை நினைப்போர் முதலில் நினைப்பது, நெருக்கடியால் பிறந்த அந்த முழந்தாள் அமர்வையே.

நடனத்துக்கு ஒரு கதையையும் அவர்கள் உள்ளத்தில் கொண்டனர். வாழ்வில் ஒன்றுசேர இயலாத காதலர் இருவர் எரிமலை ஒன்றன்மேல் ஏறுகின்றனர். ஒருவர் தளரும்போது மற்றவர் தாங்குகிறார். இறுதியில் இருவரும் எரிமலையின் வாயில் வீழ்கின்றனர். நம் நாட்டுப்புறக் கதைப் பாடல்களிலும் இத்தகைய காதலர் உண்டு. ஆகவே கதையில் புதுமையில்லை. அதனைச் சொல்லாமல், நடிக்காமல், வளைவாலும் சாய்வாலுமே உணர்த்தியதில்தான் புதுமை இருந்தது.

1984 பிப்ரவரி 14ஆம் நாள் இரவு. சாரயேவோவில் செட்ரா அரங்கம் நிறைந்திருந்தது. பிரிட்டனில் 2 கோடியே 40 இலட்சம் பேர் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தனர். ஊதா நிற மெல்லுடை அணிந்த இருவரும் தளத்தின் நடுவே வந்து முழந்தாளிட்டனர். முரசு மெல்லத் தட்டியது. உடல்கள் அசைந்தன, கால்கள் அசையவில்லை. பின்னர் எழுந்தனர். பனியில் தகடு படும் ஓசையும் கேளாதவாறு வளைவின்மேல் வளைவாக ஓடினர். இசை பெருகப் பெருக அவர்கள் சாய்வு மிகுந்தது. ஒருவர் கை விடும் இடத்தில் மற்றவர் கை காத்திருந்தது. எங்கும் தயக்கம் இல்லை. எங்கும் அவசரமும் இல்லை. இறுதி முழக்கத்தோடு இருவரும் பனிமீது வீழ்ந்து கிடந்தனர். அரங்கம் எழுந்து நின்றது. தளமெங்கும் மலர்கள் வந்து விழுந்தன.

அந்நாளில் ஒன்பது நடுவர் இருவகை மதிப்பெண் அளிப்பர். ஒன்று செய்ந்நுட்பத்துக்கு, மற்றொன்று கலையழகுக்கு. மிக உயர்ந்த மதிப்பெண் ஆறு. ஆறு என்றால் குறை காண இடமில்லை என்பது பொருள். நடுவர் அதனை எளிதில் வழங்கார். அன்றிரவு செய்ந்நுட்பத்துக்கு மூவர் ஆறு அளித்தனர். ஏனைய அறுவர் 5.9 அளித்தனர். கலையழகுக்கு ஒன்பது பேரும் ஆறே அளித்தனர். பலகையில் ஒரே வரிசையாக ஒன்பது ஆறுகள் தோன்றியபோது அரங்கில் எழுந்த ஆரவாரம் சொல்லில் அடங்காது. பொற்பதக்கம் அவர்களுக்கு உரியதாயிற்று. வெள்ளியும் வெண்கலமும் சோவியத் இணைகளுக்குக் கிடைத்தன. அடுத்த மாதம் கானடா நாட்டு ஒட்டாவாவில் நான்காம் முறையாக உலகப் போட்டியை வென்றபின், அவர்கள் போட்டிக் களத்தை விட்டு விலகி, பொருள் பெற்று ஆடும் தொழிற்கலைஞர் ஆயினர்.

அவ்விருவரும் கணவன் மனைவியர் என்றே பலரும் கருதினர். அவர்கள் அவ்வாறு மணந்துகொள்ளவில்லை; வேறு வேறு குடும்பங்கள் அமைத்துக்கொண்டனர். பனிமேல் மட்டுமே அவர்கள் இணை. டீன் பிறருக்கும் நடனம் அமைத்துக் கொடுத்தார். அவர் அமைத்த நடனங்களை ஆடிய பிரான்சு நாட்டு டுஷேனே உடன்பிறப்புகள் 1991இல் உலக வெற்றி பெற்றனர்.

தொழிற்கலைஞரும் மீண்டும் போட்டியிடலாம் எனப் பின்னாளில் விதி தளர்ந்தது. உடனே இருவரும் திரும்பி வந்தனர். 1994 சனவரியில் ஐரோப்பியப் போட்டியில் மயிரிழையில் வென்றனர். அடுத்த மாதம் நார்வே நாட்டில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் அவர்களுக்குக் கிடைத்தது வெண்கலமே. உருசிய இணைகள் இரண்டு முன்னே நின்றன. பார்த்தவர் பலர் பொற்பதக்கம் இவர்களுக்கே உரியது என்று வாதிட்டனர். நடனத்தின் இறுதியில் டோர்வில் டீனின் தோளைத் தாண்டிப் புரண்டு வந்த அசைவு விதிக்கு மாறானது என நடுவர் சிலர் கருதியதாகப் பேசப்பட்டது. பத்தாண்டுக்கு முன் விதியின் ஓர் எழுத்தைக் கண்டு உயர்ந்தவர்கள், இம்முறை விதியின் வேறோர் எழுத்தில் இடறினர் போலும். மற்றொன்றும் உண்மை: இளையோர் விரைவு மிகுந்தவர்; முப்பத்தைந்தைத் தாண்டியவர் கால்களுக்கு அவ்விரைவு வாய்ப்பது அரிது. ஆறு என்னும் மதிப்பெண்ணும் இன்று இல்லை. 2002 ஒலிம்பிக் போட்டியில் இணை ஆட்டத்தின் தீர்ப்பைப் பற்றிப் பெரும் பூசல் எழுந்தபின், பழைய முறை நீக்கப்பட்டு, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே எண்ணிக் கூட்டும் புதுமுறை வந்தது. ஒன்பது ஆறுகளை வரிசையாய்க் காணும் காட்சி இனி எவர்க்கும் இல்லை.

சாரயேவோ நகரின் கதை துயரமானது. 1992இல் மூண்ட போரில் அந்நகரம் ஆண்டுக்கணக்கில் முற்றுகைக்கு உள்ளாயிற்று. பொலேரோ ஒலித்த செட்ரா அரங்கம் குண்டுகளால் சிதைந்தது. அதன் பக்கத்து நிலம் இடுகாடாயிற்று. போர் ஓய்ந்தபின் அரங்கம் மீண்டும் எழுப்பப்பட்டது. முப்பது ஆண்டுகள் நிறைந்த 2014 பிப்ரவரியில், அந்நகரத்தார் அழைப்பை ஏற்று டோர்வில்லும் டீனும் அங்கே சென்றனர். ஒருவருக்கு ஐம்பத்தாறு வயது, மற்றவருக்கு ஐம்பத்தைந்து. பார்க்க வந்தவர்களுள் போருக்குப்பின் பிறந்த சிறுவர் பலர் இருந்தனர்.

நாட்டிங்காமில் அவர்கள் பயின்ற பழைய பனித்தளம் இன்று இல்லை. அவ்விடத்தில் 2000ஆம் ஆண்டில் பெரிய பனி அரங்கம் கட்டப்பட்டது. அதன் முன்புறச் சதுக்கத்துக்குப் பொலேரோ சதுக்கம் என்பது பெயர். இருவரும் இணைந்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்த 2025இல், ஊர் ஊராய்ச் சென்று இறுதிச் சுற்றுலா ஆட்டத்தை ஆடி விடைபெற்றனர். சாரயேவோவில் முப்பதாம் ஆண்டு இரவில் அவர்கள் பொலேரோவை ஆடியபோது, நேரத்தைக் கணக்கிட நடுவர் எவரும் இல்லை. பதினெட்டு நொடியை மிச்சப்படுத்த வேண்டிய தேவையும் இல்லை. ஆயினும் இருவரும் தளத்தின் நடுவே வந்து, முன்போலவே எதிரெதிரே முழந்தாளிட்டு அமர்ந்தனர்.